பெவர்லியின் தலையும் பதினேழாம் நம்பர் இடமும்

ஹூரன் ஏரிக் கரையில் இருக்கும் அந்த முகாமில், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் ஏரியை யாரும் பார்ப்பதில்லை. மடக்கு நாற்காலிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சாலைப் பக்கம் திரும்பிவிடும். புதிதாக வருகிறவர்கள் தங்கள் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்து வரும் சக்கர வீட்டை, ரிவர்ஸ் எடுத்து, மரங்களுக்கு நடுவில் தங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நுழைக்கும் நேரம் அது. அதைவிட நல்ல பொழுதுபோக்கு அங்கே கிடையாது. கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள், இருவருக்கும் சண்டை வரும். சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டும், அதுதான் மரியாதை. ஒரே தடவையில் நுழைத்துவிட்டால் கை தட்டுவார்கள். மூன்று தடவை தவறிவிட்டால் யாராவது ஒருவர் எழுந்து போய், "நான் ஓட்டித் தரட்டுமா?" என்று கேட்பார். சாவியைக் கொடுத்தவர் அந்த வாரம் முழுக்க அதைப் பற்றிக் கேலி கேட்டாக வேண்டும்.

இந்த வேடிக்கையை யாரைவிடவும் அதிகமாக ரசித்தவள் வில்மா. சோளப்பொரி சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தம்மா வலதுன்னு காட்டுது, அவரு இடதுக்குப் போறாரு, இன்னிக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு இல்ல" என்று பக்கத்து நாற்காலிக்கு வர்ணனை சொல்வாள். அந்த வில்மாதான் இந்த ஆகஸ்டில் தானே ஓட்டிக்கொண்டு வரப்போகிறாள்.

வில்மா மிச்சிகனின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருந்தவள். கைராசிக்காரி. கைகள் வேலை செய்யும்போது வாய் ஓயாது, ஆனால் ஒரு தலையைக்கூட அவள் பாதியில் விட்டதில்லை. இடது காதில் தொடங்குவாள், பின்னங்கழுத்தைச் சுற்றி வலது காதில் முடிப்பாள். நடுவில் தொலைபேசி அடித்தால் எடுக்க மாட்டாள். எடுத்துவிட்டால் மறுபடியும் இடது காதிலிருந்துதான். கடையை விற்றபோது கத்தரிக்கோல்கள், சீப்புகள், பழகுவதற்கு வைத்திருந்த நான்கு பொம்மைத் தலைகள் ஆகியவற்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவற்றில் சிவப்பு முடிக்காரிக்குப் பெயர் பெவர்லி.

அவள் கணவன் கெரிட் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். கல்யாணமான சில வருஷங்களில் ஒரு வயதான தம்பதியிடமிருந்து அந்த டிரெய்லரை வாங்கினார்கள். இருபத்து நான்கு அடி நீளம். அதன் நிறத்தையும் மழுங்கிய வடிவத்தையும் பார்த்து வில்மா அதற்கு 'உருளைக்கிழங்கு' என்று பெயர் வைத்தாள். முதல் பயணத்தில் கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிட்டார்கள். அப்படியே வடிந்து போய்க்கொண்டே இருந்தால் சுத்தமாக இருக்கும் என்று நினைப்பு. தண்ணீர் மட்டும் வடிந்து போய்விட்டது, மற்றது தொட்டியின் அடியில் மேடு கட்டி உட்கார்ந்துவிட்டது. அதைக் கரைக்க கெரிட் பட்ட பாட்டை வில்மாவின் அக்கா ஆர்டித் இன்றுவரை கிறிஸ்துமஸ் விருந்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து வால்வு மூடியே இருக்கும், தொட்டி முக்கால்வாசி நிறைந்த பிறகுதான் திறப்பார்கள். டிரெய்லர் வைத்திருக்கிற எல்லோரும் இந்தப் பாடத்தை ஒரே ஒரு தடவைதான் படிப்பார்கள். இரண்டாவது தடவை படிக்க யாருக்கும் வயிறு இடம் கொடுக்காது.

ஓட்டுவதும் கொக்கி மாட்டுவதும் கெரிட்டின் வேலை. பின்னால் நின்று கை காட்டுவது வில்மாவின் வேலை. முப்பத்தோரு வருஷம் அப்படியே போயிற்று.

சென்ற குளிர்காலத்தில் கெரிட்டின் வலது கண் போய்விட்டது. வலி இல்லை, சத்தம் இல்லை, ஒரு காலையில் பாதி உலகத்துக்குத் திரை போட்ட மாதிரி ஆகிவிட்டது. மருத்துவர் வண்டி ஓட்டக்கூடாது என்றார். கெரிட் காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவார். வில்மா கோப்பையை அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பாள்.

ஏப்ரலில், பனி உருகியதும், கெரிட் விஷயத்துக்கு வந்தார்.

"உருளைக்கிழங்கைக் குடுத்துடலாம் வில். டுவெய்ன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

டுவெய்ன் எதிர்வீட்டுக்காரரின் மருமகன்.

"எதுக்குக் குடுக்கணும்? நான் ஓட்டுறேன்."

"நீயா?"

"ஏன், எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு."

கெரிட் சிரித்துவிட்டார். கண் போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு மேசையைத் துடைத்துக்கொண்டே தன் நிபந்தனையைச் சொன்னார். "ஒரே ஒரு பயணம். ஆகஸ்ட்ல வருஷா வருஷம் ஆர்டித்தோட போறோமே, அந்தப் பதினேழாம் நம்பர் இடத்துல நீயே நுழைச்சிடணும். வேற எவன் கையிலயும் ஸ்டீயரிங்கைக் குடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஊர்லயும் போயி, அய்யா கொஞ்சம் ஓட்டிக் குடுங்கன்னு நான் கெஞ்சிக்கிட்டு நிக்க மாட்டேன். முடியலன்னா வந்த மறுநாளே டுவெய்னுக்கு."

"சரி. கை குடு."

கை குலுக்கினார்கள். அவர் கை அவள் கைக்குச் சற்றுத் தள்ளி வந்தது. அவளே பிடித்துக்கொண்டாள்.

பயிற்சிக்குத் தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடம். வாரநாளில் காலியாகக் கிடக்கும். எல்லை குறிக்கக் கூம்புகள் வேண்டும், வில்மாவிடம் கூம்பு இல்லை, தலைகள் இருந்தன. நான்கு மூலைக்கு நான்கு தலைகளை வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். சற்று நேரத்தில் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹென்க் துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"வில்மா! யாரு தலைங்க அது?"

"பயப்படாதீங்க ஹென்க். பிளாஸ்டிக்."

"ஜன்னல்லேர்ந்து பார்த்தேன், நெஞ்சு நின்னுபோச்சு. நாலு பேரைக் கழுத்து வரைக்கும் புதைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"தள்ளி நில்லுங்க, இல்லன்னா அஞ்சு ஆயிடும்."

டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் தலைகீழ். ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடது பக்கம் போகும். முதல் நாள் வில்மா இதை மனதில் கணக்குப் போட்டுப் போட்டு, கறுப்பு முடிக்காரியின் மேல் ஏறிவிட்டாள். மூக்கு சப்பிப் போயிற்று.

"கணக்குப் போடாத" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெரிட். "ஸ்டீயரிங்கோட அடியில கைய வை. ஆறு மணி முள்ளு இருக்கிற இடத்துல. இப்ப வால் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் தள்ளு. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? முப்பத்தோரு வருஷமா பெரிய வித்தை மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு ஓட்டின?"

"நீ கேக்கவே இல்லையே."

"கொஞ்சமா திருப்பணும், இல்ல?"

"கொஞ்சமா திருப்பி, காத்திருக்கணும். வால் உன் பேச்சைக் கேக்க நேரமாகும். அது வரலன்னு இன்னும் திருப்பினா மடங்கிடும். சந்தேகம் வந்தா நிறுத்து. முன்னால போயி நேராக்கிக்க. எறங்கிப் பாரு. எறங்கிப் பார்த்ததுக்காக யாரும் கெட்டுப்போகல, பார்க்காததுக்காகத்தான் பம்பர் போச்சு."

ஜூலை முடிவதற்குள் மற்ற மூன்று தலைகளும் தப்பின, பெவர்லி டிரெய்லருக்குள்ளேயே குடியேறிவிட்டாள். கெரிட் மிச்ச வேலைகளையும் அவளிடம் கொடுத்தார். கூரை மேல் ஏறி, காற்றுத் துளைகளையும் விளிம்புகளையும் சுற்றி வெடித்திருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினாள். ஊசி போகிற அளவு ஓட்டை போதும், ஒரு மழைக்காலத்தில் உள்ளே பலகை ஊறிப்போகும். டயர்களில் பட்டை நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டில் பொறித்திருந்த வருஷம் பழையது. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்றே சாவதுதான் அதிகம் என்று கெரிட் சொல்லி நான்கையும் மாற்ற வைத்தார். அடியில் குழாய் போகும் சந்துகளில் எலி நுழையாமல் இரும்பு நாரைத் திணித்தாள்.

கிளம்புவதற்கு முன் டிரெய்லரைச் சுற்றி வந்து சரிபார்க்கும் வேலையில்தான் இருவருக்கும் சண்டை. கெரிட் தலைக்குள் ஒரு வரிசை வைத்திருந்தார், யாருக்கும் புரியாத வரிசை. வில்மா அதை ஒதுக்கிவிட்டாள். டிரெய்லரின் இடது முன்மூலையில் நின்றாள், அது இடது காது. அங்கிருந்து கையால் தொட்டுக்கொண்டே நடந்தாள். கொக்கி, பூட்டு ஊசி, சங்கிலி, ஜாக்கி, ஜன்னல், சக்கர நட்டு, மின்கம்பி, பின்விளக்கு, படிக்கட்டு, கேஸ் சிலிண்டர் மூடி. எதிர்வீட்டு டுவெய்ன் நடுவில் வந்து, "எப்பத் திரும்பி வர்றீங்க? அப்ப நான் வந்து டிரெய்லரைப் பாக்கவா?" என்று கேட்டான். கெரிட் பதறிப்போய் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

"டிரெய்லர் மாட்டுறவங்ககிட்ட பேசக் கூடாதுடா! இது தெரியாம டிரெய்லர் வாங்க வந்துட்ட."

பேச்சுக் கேட்டுவிட்டதால் வில்மா மறுபடியும் இடது காதிலிருந்து தொடங்கினாள். படிக்கட்டு மடக்காமல் இருந்தது.

முதல் ஐம்பது மைலில் நிறுத்தி நட்டுகளை மறுபடியும் முறுக்கினாள். டயர் மாற்றினால் இதைச் செய்தே ஆகவேண்டும். அதற்குப் பிறகு நெடுஞ்சாலை. ஒரு பெரிய லாரி முந்திச் சென்றதும் பின்னால் உருளைக்கிழங்கு வாலை ஆட்டத் தொடங்கியது. இடது, வலது, மறுபடியும் இடது, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக. கெரிட் வாயைத் திறந்தார். வில்மா பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, காலை மெல்ல எடுத்து, டிரெய்லருக்கு மட்டும் உள்ள கைப்பிரேக்கைக் கொஞ்சமாக அழுத்தினாள். ஆட்டம் அடங்கியது. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தினாள்.

"நேத்து ராத்திரி சாமானைச் சரியாத்தானே ஏத்தினேன். பின்னால என்ன இருக்கு கெரிட்?"

"ஒண்ணுமில்ல."

"கெரிட்."

"ரெண்டு வார்ப்பு இரும்புச் சட்டி. அப்புறம் ஆர்டித்துக்குக் கொஞ்சம் சோளம்."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு மூட்டை."

பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்த எல்லாவற்றையும் சக்கரங்களுக்கு முன்னால் நகர்த்தினார்கள். வால் கனத்தால் டிரெய்லர் ஆடும், இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். மிச்ச வழி முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. வண்டியும் ஆடவில்லை.

முகாம் வாசலுக்கு வந்ததும் ஆர்டித் போன் செய்தாள்.

"எங்கடி இருக்க? நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"என் தங்கச்சி தானே ஓட்டிக்கிட்டு வர்றா, பாருங்கன்னு."

"எல்லார்கிட்டயும்னா யாருகிட்ட?"

"இந்த வளைவுல இருக்கிறவங்க எல்லார்கிட்டயும். அந்த வளைவுல இருக்கிறவங்களும் வந்திருக்காங்க. விறகு விக்கிற பொண்ணு கடையைச் சாத்திட்டு வந்துடுச்சு."

"அக்கா, உன்னை நான்..."

"பொரி சூடா இருக்குடி, சீக்கிரம் வா."

வளைவில் திரும்பியதும் தெரிந்தது. இரண்டு வரிசை நாற்காலி. நடுவில் ஆர்டித், பச்சைத் தொப்பி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நாடகத்தில் தன் பிள்ளை மேடைக்கு வரும்போது தாய்மார்கள் உட்காருவார்களே, அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பதினேழாம் நம்பர் இடம் ஓட்டுநர் உட்காரும் இடது பக்கம். டிரெய்லருக்கு வலது பக்கம் வரும் விளிம்பில் தடித்த தேவதாரு மரம், இடது பக்கம் வரும் விளிம்பில் மின்சாரக் கம்பம். நடுவில் நுழைக்க வேண்டும். கெரிட் இறங்கிப் பின்னால் போனார். இத்தனை வருஷத்தில் அவர் கை காட்டுவது இதுதான் முதல் தடவை.

முதல் தடவை வளைவு பெரிதாகிவிட்டது. முன்னால் போய் நேராக்கிக்கொண்டாள். இரண்டாவது தடவை கெரிட் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"அது என்ன கெரிட்? கொசு விரட்டுறியா?"

நாற்காலிகளில் யாரோ பொரி புரையேறி இருமினார்கள்.

மூன்றாவது தடவை வால் நன்றாக வந்தது. கெரிட் மரத்தடியில் நின்று, "வா, வா, நிறைய இடம் இருக்கு" என்று கத்தினார். அவர் குரல் கேட்டது, ஆனால் கண்ணாடியில் அவரைக் காணவில்லை. வில்மா பிரேக்கை மிதித்துவிட்டாள். முப்பத்தோரு வருஷம் பின்னால் நின்றவளுக்கு ஒன்று தெரியும். கை காட்டுகிறவரை ஓட்டுகிறவர் பார்க்க முடியவில்லை என்றால் வண்டி நகரக் கூடாது. இறங்கிப் போனாள்.

டிரெய்லரின் மூலைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை நுழையும் இடம்தான் இருந்தது.

கெரிட் மரத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். கையை நீட்டித் தொடப் பார்த்தார், கை காற்றில் நின்றது.

"எனக்கு நிறைய இடம் இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது வில்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "ஒத்தைக் கண்ணுல தூரமே தெரியல."

வில்மாவுக்குக் காபிக் கோப்பை ஞாபகம் வந்தது. தினமும் நகர்த்தி வைத்தவள், இதை யோசிக்காமல் விட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் இருபதாம் நம்பரிலிருந்து லைல் என்பவர் எழுந்து வந்துவிட்டார். நல்ல மனிதர். முறைப்படி மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் வந்தார்.

"சாவியைக் குடுங்கம்மா, ஒரு நிமிஷத்துல போட்டுத் தர்றேன்."

ஆர்டித் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றாள். கெரிட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டுவெய்னின் முகம் வில்மாவின் கண் முன்னால் வந்து போயிற்று.

"ரொம்ப நன்றி லைல். இன்னும் ஒரு ஆளைக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வில்மா டிரெய்லருக்குள் போனாள். வெளியே வரும்போது கையில் பெவர்லியின் தலை. சிவப்பு முடி காற்றில் பறந்தது.

நாற்காலிகளில் பொரி எடுத்த கைகள் அப்படியே நின்றன.

"கெரிட், இதைப் பிடி."

"எதுக்கு?"

"நீ தூரம் பாக்க வேண்டாம். கை காட்ட வேண்டாம். அந்தக் கரண்டுக் கம்பத்துப் பக்கத்துல நில்லு. பின்னால இல்ல, பக்கத்துல. டிரெய்லரோட பின்விளக்கு எங்க வந்து நிக்கணுமோ அந்த இடத்துக்கு நேரா பெவர்லியைத் தூக்கிப் பிடி. எங்க நிக்கணும்னு உனக்குத் தெரியும், முப்பத்தோரு வருஷம் நீதானே நிறுத்தின. நீ நகராம நில்லு. நான் உன்கிட்ட வர்றேன்."

கெரிட் இடத்தைப் பார்த்தார். தரையில் போன வருஷம் சக்கரக்கட்டை வைத்திருந்த பள்ளம் இன்னும் இருந்தது. அதைக் காலால் தடவிப் பார்த்தார். அங்கிருந்து இரண்டு எட்டுப் பின்னால் போய், கம்பத்தோரம் நின்று, பெவர்லியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க அவளை" என்றார் யாரோ.

"கெரிட்டைவிட அவதான் நல்லா சிரிக்கிறா" என்றாள் ஆர்டித்.

வில்மா ஏறி உட்கார்ந்தாள். கையை ஸ்டீயரிங்கின் அடியில் வைத்தாள். இடது கண்ணாடியில் சிவப்புத் தலை நன்றாகத் தெரிந்தது. மரத்தைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. இடது பக்கம் கம்பத்திலிருந்து ஒரு கை தூரத்தில் வந்தால், வலது பக்கம் மரம் தானே விலகிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும், எத்தனையோ தடவை அந்த இடத்தை நின்று பார்த்தவள். கையைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினாள், காத்திருந்தாள். வால் பேச்சைக் கேட்டது. கொஞ்சம் திருப்பி எடுத்தாள், காத்திருந்தாள். கண்ணாடியில் பெவர்லி பெரிதாகிக்கொண்டே வந்தாள். கெரிட் நகரவில்லை. பின்விளக்கு சிவப்பு முடியை உரசாமல் அதற்கு நேராக வந்ததும் நிறுத்தினாள்.

ஆர்டித் கத்தினாள்: "என் தங்கச்சி! என் தங்கச்சி அது!" அதற்குப் பிறகு எல்லா நாற்காலிகளும் கை தட்டின. லைல் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அது ஒரே தடவையில் நுழைத்தவர்களுக்கு மட்டும் உரிய கைதட்டு. நாலாவது தடவைக்கு யாரும் தட்டியதில்லை.

வில்மா இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கொக்கியைக் கழற்றினாள். யாரும் அவளிடம் பேசவில்லை. வேலை முடிந்து நிமிர்ந்தபோது, கெரிட் இன்னும் பெவர்லியைத் தூக்கிப் பிடித்தபடியே கம்பத்தோரம் நின்றிருந்தார்.

"இறக்கலாம் கெரிட்."

"நீ சொல்லல."

அன்று இரவு சாப்பாட்டுக்கு ஆர்டித் புகைபோட்ட வெள்ளை மீனும், கெரிட் கொண்டுவந்த சோளமும். யூக்கர் சீட்டாட்டம் தொடங்குவதற்கு முன் கெரிட் தானே டுவெய்னுக்குப் போன் செய்தார்.

"டுவெய்ன், கேளு. விக்கிறதா இல்ல... ஆமா, அவதான் போட்டா... கோவிச்சுக்காத. உனக்கு வேற ஒண்ணு தேடித் தர்றேன். வாங்கறதுக்கு முன்னால உள்ள போயி ஜன்னலுக்கு அடியில சுவரைக் கட்டைவிரலால அழுத்திப் பாரு. அமுங்கினா ஓடி வந்துடு. கதவுகிட்ட தரையைக் குதிகாலால மிதி. உள்ள நல்ல வாசனை தெளிச்சிருந்தாலும் ஓடி வந்துடு, ஈரத்தை மறைக்கத்தான் தெளிச்சிருப்பான்... என்ன? பொண்டாட்டியா? ஆமா, அவளுக்கும் ஓட்டச் சொல்லிக் குடு. முதல் நாளே."

போனை வைத்ததும் வில்மா காபி கொண்டுவந்தாள். கெரிட் இடது கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஊற்றினார். ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. எங்கே இருக்கிறது என்று கை சொல்லிவிட்டால் கண் தேவையில்லை என்பதை அன்று சாயங்காலம்தான் கண்டுபிடித்திருந்தார்.

மறுநாள் நாலு மணிக்கு மேல் ஒரு புதுத் தம்பதி வளைவில் திரும்பினார்கள். டிரெய்லர் பளபளவென்று இருந்தது, அந்தப் பெண் கையில் விசில் வைத்திருந்தாள். வில்மா நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, பொரி."

இரண்டு தடவை தவறியது. விசில் விடாமல் ஊதியது. கெரிட் பெருமூச்சு விட்டு எழுந்து, மேசை மேலிருந்த பெவர்லியை எடுத்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார்.

"இன்னும் மூணு ஆகல கெரிட்!" என்றாள் ஆர்டித்.

"விசில் தாங்கல" என்றார் அவர்.